கடனுக்கு ஒரு காதுகுத்து

அத்தியாயம் பதினொன்று

பந்தலுக்கு முதலில் வந்தது சொந்தக்காரர் யாரும் இல்லை. காசிராஜன்தான்.

மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவனிடம், சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குமா என்று விசாரித்தார். கேட்கும் என்றான். தலையாட்டிக்கொண்டார்.

மாயக்காள் வாசலில் நின்று பார்த்தாள். கையெல்லாம் மஞ்சள்.

"இவரு ஏன் இப்பவே வந்துட்டாரு?"

"வந்தா என்ன? விருந்தாளி மாதிரி உக்காந்திருக்காரு" என்றான் அவள் புருஷன் வெள்ளைத்துரை. "நீ உன் சோலியைப் பாரு."

அவன் போடியில் ஏலக்காய்த் தரகு செய்பவன். காயை விரலில் உருட்டினால் போதும், அன்றைக்கு என்ன விலை போகும் என்று சொல்லிவிடுவான். அதுதான் அவனைக் கெடுத்தது.

ஏலம் நடக்கும் நாட்களில், அன்றைய உச்ச விலையின் கடைசி எண் என்னவாக இருக்கும் என்று சலூன் கடைக்குப் பின்னால் பணம் கட்டினார்கள். சீட்டாடுகிறவன்தான் சூதாடி, நான் சரக்குத் தெரிந்தவன் என்று வெள்ளைத்துரையும் கட்டினான். காயின் பச்சையைப் பார்த்து விலை சொல்லலாம். விலையின் கடைசி எண்ணை எந்தக் காயும் சொல்லாது. இது அவனுக்கு இப்போதாவது புரிந்ததா என்று மாயக்காளுக்குத் தெரியவில்லை.

விட்டதைப் பிடிக்க அடகுக்கடைக் காசிராஜனிடம் கடன் வாங்கினான். அதையும் விட்டான். மறுபடி வாங்கினான். கடன் ஏழாயிரம் ஆனபோது குரங்கணி நிலத்தின் பத்திரம் காசிராஜனின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அந்த நிலம் மாயக்காளின் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் சோலைமலை சீராகக் கொடுத்தது. சரக்குப் பிடிக்கப் பணம் வேண்டும் என்று வெள்ளைத்துரை சொன்னான். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

இன்றைக்குச் சாயங்காலம் வரைதான் தவணை.

காதுகுத்து வைக்கலாம் என்ற யோசனை வெள்ளைத்துரையுடையது. மூன்று வயது வேலுத்தாய்க்குக் காது குத்தி விருந்து போட்டால், இத்தனை வருஷம் ஊரில் அவர்கள் செய்த மொய்யெல்லாம் திரும்பும். வாங்கியதற்கு மேலே கொஞ்சம் வைத்துத் திருப்புவதுதான் மரியாதை. கடன் அடைந்துவிடும். அண்ணனுக்குத் தெரியாமலேயே அடைந்துவிடும்.

அவன் சொன்ன அன்று மாயக்காள் பேசவில்லை. மறுநாள் காலையில், "யார் யாருக்கு நாம செஞ்சிருக்கோம்?" என்று அவளே கேட்டாள். அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு உடம்பு கூசியது. வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு தேவாரத்துக்கும் குரங்கணிக்கும் போனது அவன் அல்ல. அவள்.

தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டது.

சோலைமலை தேவாரத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தான். முன்னால் கொட்டுக்காரர்கள். மாலை போட்ட கிடாய். பின்னால் தட்டுகளோடு பெண்கள். பட்டுப் பாவாடை, பழம், ஒரு தட்டில் தங்கத் தோடு.

"மாப்ளே, மாமன் வந்திருக்கேன். ஆரத்தியைக் காணோம்" என்றான். "இன்னைக்குக் காது எனக்குக் குத்துறீகளா, என் மருமகளுக்கா?"

"வாங்க மச்சான்" என்றான் வெள்ளைத்துரை. சிரிப்பு சரியாக வரவில்லை.

ஆரத்தி எடுக்கும்போது மாயக்காள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை மட்டும் பார்த்தாள்.

"இளைச்சிட்டியே தாயி."

"அடுப்படி வேலைண்ணே."

"மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலசாமி கோயில்ல வச்சு காது குத்துவோம்னுதானே பேச்சு. இப்ப என்ன அவசரம்? மலையில காயும் இல்ல. கோடையில செடியெல்லாம் கருகிக் கிடக்குன்னு சொல்றாக. சனத்துக்கிட்ட காசு ஏது இந்த நேரத்துல?"

"நல்ல நாளா வந்துச்சு மச்சான்" என்று வெள்ளைத்துரை இடையில் புகுந்தான்.

சோலைமலை அதற்கு மேல் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினான்.

"உன் மதினி சொன்னாளே, சோளம் இந்தத் தடவை போச்சு. யானை இறங்கி ஒரே ராத்திரியில மேஞ்சுட்டுப் போயிருச்சு. மாயக்கா, அதுக்கும் நீ ஒரு வெத்தலபாக்கு வச்சிருக்கலாம். வருசா வருசம் வந்து திங்குது, மொய் மட்டும் வைக்க மாட்டேங்குது."

தட்டு வைத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். மாயக்காள் தங்கத் தோட்டைப் பார்த்தாள். சோளம் அழிந்த இந்த வருஷத்தில் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

சோலைமலை நாற்காலியில் இருப்பவரைக் கவனித்தான்.

"அது யாரு? நம்ம சனமாத் தெரியலையே."

"தெரிஞ்சவரு" என்றான் வெள்ளைத்துரை.

மாமன் மடியில் உட்காரவைத்துக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். ஆசாரி வந்து கம்பியைத் தேங்காய் எண்ணெயில் முக்கினார். சோலைமலை வெல்லக்கட்டியை வேலுத்தாயின் வாயில் வைத்து, அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முதல் காதுக்குக் குழந்தை அதிர்ந்துபோய்ச் சும்மா இருந்தாள். இரண்டாவது காதுக்கு வீறிட்டாள்.

"யாரு குத்துனது என் மருமகளை? இந்தக் கிழவனா? அவனை மாமன் மலைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன்."

"கூலியைக் குடுத்துட்டு விடுங்கப்பா" என்றார் ஆசாரி.

குழந்தை அழுது ஓய்ந்து மாமன் தோளிலேயே தூங்கிப்போனாள். மாயக்காள் கையை நீட்டினாள். சோலைமலை தரவில்லை. "இருக்கட்டும்" என்றான்.

கறிச்சோறு பரிமாறத் தொடங்கியதும் மைக் பேச ஆரம்பித்தது.

"குரங்கணி திருப்பதி, முப்பத்தோரு ரூபா. மேலச்சொக்கநாதபுரம் அமாவாசை, நூத்தியொரு ரூபா."

ஒவ்வொரு பெயருக்கும் காசிராஜன் லேசாகத் தலையை அசைத்தார். எழுதுகிறவர் நோட்டை வாங்கி மஞ்சள் பைக்குள் போடப் போட, அவர் கண்ணும் பைக்குள் போய் வந்தது. மாயக்காள் பந்திக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். பெயர்களைக் கேட்காமல் இருக்கத்தான் நடந்தாள். ஆனால் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும் சத்தம். அடுப்படிக்குள்ளும் கேட்டது.

"குரங்கணி குருவம்மாள், அம்பத்தோரு ரூபா."

மாயக்காள் நின்றாள்.

குருவம்மாள் அந்தக் குரங்கணி நிலத்திலேயே காய் எடுப்பவள். அவள் மகள் சடங்குக்கு மாயக்காள் போட்டது இருபத்தைந்து. இந்த வருஷம் நிலத்தில் எடுக்கக் காயே இல்லை. மாயக்காளே அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

குருவம்மாள் பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். மாயக்காள் குழம்பு வாளியோடு அவள் எதிரில் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

குருவம்மாளின் மூக்கில் மூக்குத்தி இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகியிருந்தாள்.

"மூக்குத்தி எங்கக்கா?"

"அதுவா? அழுக்கா இருந்துச்சு. கழுவப் போட்டிருக்கேன்." குருவம்மாள் சோற்றைப் பிசைந்தாள். "குழம்பை ஊத்து ஆத்தா. வாளி கனக்கலையா?"

"எங்க போட்ட?"

"எங்க போடுவாக? உங்க மொய் மேசைக்குப் பக்கத்துல உக்காந்திருக்காரே, அந்தப் புண்ணியவான் கடையிலதான். இன்னைக்கு வெள்ளனத்துலயே கடையைத் தெறந்து வச்சிருந்தாரு. நான் மட்டுமா? திருப்பதி பொண்டாட்டி அண்டாவைத் தூக்கிட்டு எனக்கு முன்னாடி நின்னா. பாதிச் சனம் அங்க கும்பிட்டுட்டுத்தான் இங்க சாப்பிட வந்திருக்கு."

"நீ போடாம இருந்திருக்கலாம்ல?"

குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ வீடு தேடி வந்து வெத்தலபாக்கு வச்சியே. அதுக்கப்புறம் போடாம எப்பிடி இருக்க?"

மாயக்காள் குழம்பை ஊற்றினாள். இலை நிறைந்து ஓரத்தில் வழிந்தது.

அடுப்படிக்குத் திரும்பி வாளியைக் கீழே வைத்தாள். காலையில் காசிராஜன் கடையிலிருந்து புறப்பட்ட பணம், ஒவ்வொரு வீட்டுக்காரர் மடியிலும் ஏறி, இங்கே வந்து, அந்த மஞ்சள் பைக்குள் விழுந்து, சாயங்காலம் காசிராஜனிடமே போகிறது. அதற்கு இனி வட்டி கட்டப்போவது குருவம்மாள். திருப்பதி வீடு. சோளம் இழந்த அண்ணன்.

தன் வீட்டுக்கு மட்டும் கடன் தீரும். அதுவும் தீராது. வாங்கிய மொய் முழுவதையும் ஒருநாள் திருப்பி வைக்க வேண்டும்.

தாய்மாமன் மொய்யைக் கடைசியில் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று. மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. மாமன் எவ்வளவு வைக்கிறான் என்று கேட்காமல் யாரும் போகமாட்டார்கள்.

வெள்ளைத்துரை பைக்குள் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். காசிராஜன் அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் முகம் தெளிந்தது. மச்சான் வைத்தால் நேராகிவிடும்.

சோலைமலை பந்தல்காலில் சாய்ந்து நின்றான். தோளில் குழந்தை. இன்னொரு கை இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பொத்தானைத் தேடியது.

மாயக்காள் அவன் பக்கத்தில் போனாள்.

"அண்ணே. நீ போடாத."

"என்னத்த?"

"மொய்யை."

சோலைமலை சிரித்தான். "கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? மாமன் மொய் இல்லாம காதுகுத்தா?"

"அந்தா உக்காந்திருக்காரே, அவருக்குத்தான் எல்லாம் போகுது. எங்க வீட்டுக்காரரு கடன் வாங்கி எண்ணு கட்டிட்டாரு."

சோலைமலையின் கை பெல்ட்டிலேயே நின்றது.

"எம்புட்டு?"

"ஏழாயிரம்."

"அம்புட்டையும் உன் புருசன் மூஞ்சியைப் பாத்துக் குடுத்தாரா?"

அவன் காத்திருந்தான்.

"குரங்கணி நிலம்" என்றாள்.

"அது உன் பேர்ல இருக்கு."

"ஆமா."

"அப்ப கையெழுத்து?"

"நான்தான் போட்டேன்."

மைக் கூப்பிட்டது. "தாய்மாமன் தேவாரம் சோலைமலை அவர்கள் மேசைக்கு வரவும்."

சோலைமலை அசையவில்லை. குழந்தை அவன் தோளில் முகத்தைத் திருப்பிப் படுத்தாள். காதோரம் இரத்தம் உறைந்திருந்தது.

"வெத்தலபாக்கு வைக்க வந்தியே. அன்னைக்கு உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"என் வீட்டுல சோறு தின்ன."

"தின்னேன்."

"மதினிக்கிட்ட யானை கதை கேட்டுச் சிரிச்ச."

மைக் இரண்டாவது தடவை கூப்பிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ, "மாமனுக்குக் கனம் தாங்கலை போல, நடக்க முடியலை" என்றார்கள். ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சோலைமலை குழந்தையைத் தங்கையின் கையில் கொடுத்தான். கைகள் படாமல் கொடுத்தான். பெல்ட்டின் பொத்தானைத் திரும்பப் போட்டான். மேசைக்கு நடந்து போய், சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து வைத்தான்.

எழுதுகிறவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எதையோ கேட்டார்.

"பதினொண்ணுதான். சொல்லுங்க" என்றான் சோலைமலை.

"தாய்மாமன்..." மைக் கொஞ்சம் இழுத்தது. "தேவாரம் சோலைமலை. பதினோரு ரூபா."

தெருமுனை வரைக்கும் கேட்டது. வழிப்போக்கன் வைக்கும் காசு அது.

வெள்ளைத்துரை எழுந்து, "மச்சான்" என்றான்.

சோலைமலை அவனைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து குழந்தையின் காதை ஒருமுறை பார்த்தான்.

"மஞ்சளும் எண்ணெயும் போடு. சீழ் வச்சிரப் போகுது" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தான். கொட்டுக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொட்டைச் சுமந்துகொண்டு பின்னால் போனார்கள்.

பந்தல் சீக்கிரம் காலியானது. போகிறவர்கள் மாயக்காளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சிலர் சொல்ல வந்து, கண்ணைப் பார்க்காமல் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

காசிராஜன் பையை மேசைமேல் தள்ளினார்.

"குறையுது வெள்ளைத்துரை. எண்ணூறு."

"இருக்கிறதை வாங்கிக்கங்க அண்ணாச்சி. மிச்சத்தை ஒரு வாரத்துல..."

"குறையா வாங்குனா அதைப் பத்திரத்துல எழுதணும். எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. முழுசாக் கொண்டா." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு வெளக்கு வைக்கிற வரைக்கும் பாக்குறேன். அதுவும் உன் மச்சானுக்காக. மனுசன் மானஸ்தன்."

அவர் போனபின் வெள்ளைத்துரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாயக்காள் அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

அவன் திட்டவில்லை. "எண்ணூறுதான்" என்றான். "நாளைக்கு ஏலம் இருக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் அதில் இருந்தது.

"மூணு வந்து ரொம்ப நாளாச்சு மாயக்கா. எல்லா எண்ணும் வந்துருச்சு, மூணு வரல. வந்துதான் ஆகணும். கொஞ்சம் கட்டினாப் போதும். முழுசையும் வைக்கப் போறதில்ல."

"பந்தல்காரரு நிக்கிறாரு" என்றாள் மாயக்காள். "போய்ப் பேசிட்டு வாங்க. பையை நான் வச்சிருக்கேன்."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு கொடுத்தான்.

குருவம்மாள் பின்பக்கம் அண்டா தேய்த்து முடித்து, சேலையை உதறிக்கொண்டிருந்தாள். மீந்த கறியை ஒரு தூக்குச்சட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

"வர்றேன் ஆத்தா. கடைசி ஜீப்பு போயிரும்."

"ஜீப்பு வரைக்கும் நானும் வர்றேன்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாயக்காள் அவளோடு நடந்தாள். தெருவில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களைக் கடந்ததும் மறுபடி பேசினார்கள்.

குரங்கணி ஜீப் நிரம்பியிருந்தது. டிரைவர் ஏறச் சொல்லி ஹாரன் அடித்தான். மாயக்காள் முந்தானைக்குள்ளிருந்து மஞ்சள் பையை எடுத்தாள்.

"இது ஒரு ராத்திரி உங்கிட்ட இருக்கட்டும்க்கா. நாளைக்கு நான் வந்து வாங்கிக்கிறேன்."

குருவம்மாள் கையை நீட்டவில்லை. "மொய்ப் பணமா?"

"ஆமா."

"வீட்டுல வைக்காம எங்கிட்ட எதுக்கு?"

சொல்லியாக வேண்டும் என்று மாயக்காளுக்குத் தெரிந்தது. அண்ணனிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அந்த ஈர்க்குத் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுல இருந்தா நாளைக்கு எண்ணுல போயிரும். இந்த விருந்தே அதுக்குத்தான் வச்சோம். அவரு எண்ணு கட்டின கடனை அடைக்க. தெரிஞ்சேதான் உன் வீட்டுக்கு வந்து வெத்தலபாக்கு வச்சேன்."

ஹாரன் மறுபடி அடித்தது.

"அப்ப கழுவப் போட்டதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா?"

"இருக்கு."

"என்னைய நம்பியா குடுக்குற?"

"உன்னைத்தான் நம்புறேன்."

"நான் உன்னைய நம்பித்தான் வந்தேன்" என்றாள் குருவம்மாள். பையை வாங்கினாள். தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து, பையை மடித்துக் கறிமேல் வைக்கப் போனவள், நிறுத்தி இடுப்பில் செருகிக்கொண்டாள். மாயக்காளைப் பார்க்காமல் ஜீப்பின் பின்பக்கம் தொற்றி ஏறினாள்.

மாயக்காள் திரும்பி வந்தபோது பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத்துரை வாசலில் நின்றான். அவள் வெறுங்கையைப் பார்த்தான். இடுப்பைப் பார்த்தான். குழந்தைதான் இருந்தது.

"பை எங்க?"

அவள் உள்ளே போனாள். மஞ்சளும் எண்ணெயும் எடுத்து வந்து, குழந்தையை மடியில் போட்டு, காதைத் துடைக்கத் தொடங்கினாள்.

அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். அந்த வழியின் முடிவில் மலை இருட்டிக்கொண்டிருந்தது.

பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டான். கோபமில்லாத குரலில், வழி விசாரிக்கிறவன் போலக் கேட்டான்.

"குரங்கணிக்குக் கடைசி ஜீப்பு போயிருச்சா?"